நைனா, ஜாயின்ட் லீக் ஆகலை

என் ஆசை நைனாவுக்கு,

மேலுலகத்தில் குடியிருக்கும் அனைவருக்கும், குறிப்பாகத் திருவொற்றியூர் பைப் ஃபிட்டர் அந்தோணி அவர்களுக்கும், மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: பரண்மேல் மல்லாக்க வைக்கப்பட்டிருந்த தங்களது மஞ்சள் ஹெல்மெட் தற்போது பிரசவ வார்டாக மாற்றப்பட்டுள்ளது. தாய்ப்பூனையும் சேய்களும் நலம். தகப்பன் தலைமறைவு.

அம்மா விரட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். "உங்கொப்பன் மண்டைய இத்தினி வருசம் காப்பாத்திச்சி, இப்ப குட்டிங்கோ மண்டையக் காப்பாத்துது, வுடுடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பால் ஊற்றப் போனாள். எனக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் பால் வந்ததில்லை.

இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். காசிமேட்டுக் கல்லறைக்கு வந்து உன் சிலுவைப் பக்கத்தில் உட்கார்ந்து நேரிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு வாய்ப்பூட்டு. கொஞ்ச காலம் பேசவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. பதினேழு வயதுவரை எந்த வாத்தியாராலும் முடியாததை அந்த டாக்டரம்மா ஒரே வரியில் சாதித்துவிட்டார்.

அதுவும் போக, நம் சர்ச் பங்கு இளைஞர் மன்றத்தில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தரலாம் என்றார்கள். ஆகவே இதை உன்னோடு சேர்ந்து பங்கே படிக்கப் போகிறது. சில வார்த்தைகளை நானே அடித்துவிட்டேன். எவை என்று உனக்குத் தெரியும், உன்னிடம் கற்றவைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகனின் மூச்சுக்குழாயில் ஒரு கட்டி இருந்தது. இருந்தது, நைனா. இறந்தகாலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கே யார் சட்டையையாவது பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பாய். மிக அபூர்வமான கட்டியாம். அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிக்க நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். அந்தக் கட்டி இருப்பவனால் அது முடியாது. என்ன நியாயம் இது?

முதலில் வெறும் இளைப்பு என்றுதான் நினைத்தோம். நம் பக்கத்தில் யாருக்கு இளைப்பு இல்லை? எண்ணூர் மின்நிலையச் சாம்பல், லாரிப் புழுதி, கூடவே கடல் காற்று. தெருவில் வீட்டுக்கு ஒரு இன்ஹேலர் இருக்கிறது. யாருக்காவது மூச்சு விசிலடித்தால், "காத்து அப்டி கீது" என்று ஆளுக்கு ஆள் தம்முடைய இன்ஹேலரை நீட்டுவார்கள். எனக்கும் நீட்டினார்கள். நானும் உறிஞ்சினேன். தெருவில் பாதிப் பேருடைய மருந்து என் நெஞ்சுக்குள் போயிருக்கும். விசில் மட்டும் நிற்கவில்லை.

அந்த விசிலை நான் வீணாக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் வாத்தியார் திரும்பியதும் ஒரு இழுப்பு, அவர் ஜன்னலுக்கு வெளியே பறவை தேடுவார். ஒரு நாள் அம்மா குக்கரில் சோறு வைத்துவிட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். விசில் எண்ணி உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். அதில் ஒன்றுதான் குக்கர் விட்டது, மற்றதெல்லாம் பாயில் படுத்திருந்த நான். அன்றைக்குச் சாப்பிட்டது சோறா அரிசியா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

அதனால்தான் நிஜமாகவே மூச்சு நின்றபோது யாரும் நம்பவில்லை. ஸ்டேஷனில் படிக்கட்டு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தோம், நானும் உன் செல்லப்பிள்ளை டில்லியும். டில்லியை நீ மறந்திருக்க மாட்டாய், உன் சைக்கிளை இரவல் வாங்கி ஹேண்டில்பாரை மட்டும் திருப்பிக் கொடுத்தவன். பாதிப் படியில் எனக்குக் காற்று உள்ளே போகவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

"மச்சி, சூப்பர்டா! எலக்ட்ரிக் ட்ரெயினு மாரியே கீது! இன்னொரு தபா அடி!" என்றான் டில்லி.

நான் கையை ஆட்டினேன். அவன் கையைத் தட்டினான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். என் உதட்டு நிறம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவன் முகத்து நிறம் மாறியது. "டேய் ராபட்டு, ஜோக்குதானே? ஜோக்குன்னு சொல்றா டேய்!" என்று கத்திக்கொண்டே என்னை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் ஏறியதையும் அன்றுதான் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விசில் அப்படியே இருந்தது. ஒரு சின்ன வயது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், பிறகு என்ன தோன்றியதோ, தொண்டைக் குழியில் வைத்தார். "சத்தம் இங்கதான் ஜாஸ்தியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். அங்கிருந்து ஸ்கேன், ஸ்கேனிலிருந்து நெஞ்சு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா.

அவர் முதலில் செய்தது அவசர வேலை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக நேரான ஒரு இரும்புக் குழாயை இறக்கி, கட்டியின் நடுவைச் சுரண்டிக் காற்று போக ஒரு வழி பண்ணினார். கண் விழித்து மூச்சு இழுத்தேன். சத்தமே இல்லை, நைனா. கரன்ட் போனதும் எல்லார் வீட்டு ஃபேனும் ஒன்றாக நிற்கும்போது ஒரு அமைதி வருமே, அது என் நெஞ்சுக்குள் வந்தது. அது வரைக்கும் நான் இத்தனை சத்தமாக வாழ்ந்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

அத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று பையைக் கட்டினேன். டாக்டரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தின் பின்பக்கம் குழாய் படம் போட்டார்.

"உள்ளே இருந்து சுரண்டினா வழி கிடைக்கும், அவ்வளவுதான் தம்பி. வேர் சுவர்லயே இருக்கும். மறுபடி வளரும். முழுசாப் போகணும்னா கட்டி இருக்கிற துண்டையே வெட்டி எடுத்துட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைக்கணும்."

அம்மாவுக்குக் கை நடுங்கியது. எனக்கு? எனக்கு என்ன நடுக்கம். படத்தைப் பார்த்ததும் இது உன் வேலை என்று புரிந்துவிட்டது. "எங்க நைனா ஃபிட்டர், டாக்டர். கெட்டுப்போன பீஸை அறுத்துட்டு, அதே சைஸுல புது பீஸ் வச்சி, ரெண்டு பக்கமும் ஃபிளாஞ்ச் வளையம் போட்டு போல்ட்டு டைட் பண்ணிடுவாரு" என்று எடுத்துவிட்டேன்.

அவர் சிரித்தார். "உங்க அப்பாவுக்கு ஸ்டோர்ல புது பைப் இருந்திருக்கும். என்கிட்ட அது இல்லையே. மூச்சுக்குழாய்க்கு நல்லா ஒத்துப்போற ஸ்பேர் இன்னும் யார்கிட்டயும் இல்லை. உன் குழாயையே கொஞ்சம் இழுத்துத்தான் சேர்க்கணும். ஆனா இழுவை ஜாஸ்தியானா தையல் விட்டுடும்."

நீயும் அதைத்தானே திட்டுவாய்? எட்டாத பைப்பை இழுத்துப் போல்ட் மாட்டும் ஆட்களைப் பார்த்தால் உனக்கு ஆகாது. அதே கவலை இவருக்கும் இருந்தது. அதற்கு அவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் மோவாயை நெஞ்சுத் தோலோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்துவிடுவார்கள். தலை குனிந்தே இருக்கும். மறந்துபோய்க்கூட நிமிர முடியாது. நிமிர்ந்தால்தானே ஜாயின்ட் இழுபடும்? ஒரு வாரம் குனிந்து கிடந்தால் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் நான் அந்தப் புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டேன். கூட நின்ற பயிற்சி டாக்டர்கள், நர்ஸ் அக்கா, எல்லார் முன்னாலும், நெஞ்சை நிமிர்த்தி: "ஜாயின்ட் போட்டப்புறம் சோப்பு நுரை வச்சிப் பாப்பீங்களா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சோப்பு இல்லை, உப்புத் தண்ணி. தைச்ச இடம் முழுகுற மாதிரி ஊத்திட்டு, உள்ளே காத்தை அழுத்திப் பார்ப்போம். குமிழி வந்தா லீக்கு. வரலைன்னாதான் மூடுவோம்" என்றார். பிறகு, "இதை யாரும் எங்கிட்ட கேட்டதில்லை" என்றார்.

எப்படி உன் மகன்? காலரைத் தூக்கிவிட்டுக்கொள். அங்கே காலர் உண்டுதானே?

ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் உட்கார வைத்தது. குரலுக்குப் போகும் நரம்புகள் மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவாம். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் குரல் மாறலாம், கரகரத்துப் போகலாம். "பெரும்பாலும் தேறிடும். ஆனா சத்தியம் பண்ணித் தர முடியாது தம்பி."

இங்கேதான் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ போன பிறகு முதல் கேஸ் சிலிண்டர் வந்த அன்று, அம்மா ரெகுலேட்டரை மாட்டிவிட்டு அப்படியே நின்றாள். வழக்கமாக அந்த நேரத்தில் நீ உள்ளறையில் இருந்து குரல் கொடுப்பாய். சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே இல்லையே. நான் ஒரு குறும்புக்குத்தான் செய்தேன், சத்தியமாக. உள்ளறையில் இருந்து உன் குரலில், உன் தொண்டைச் செருமலோடு, "மேரி, நுரை பாத்தியா?" என்றேன்.

அம்மா கையில் இருந்த சோப்பு டப்பா கீழே விழுந்தது. அடி விழும் என்று நான் பின்வாசல் பக்கம் தயாராக நின்றேன். அவள் திரும்பவில்லை. நுரையைத் தடவினாள், குனிந்து பார்த்தாள், "பாத்தேன், பாத்தேன்" என்றாள். உனக்குச் சொல்வது மாதிரியே, அதே சலிப்போடு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது நடந்தது. அது ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ரெகுலேட்டர் 'டக்' என்று உட்காரும், அவள் ஒரு வினாடி காத்திருப்பாள், நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். உன் குரல் மிச்சம் இருக்கும் ஒரே இடம் என் தொண்டைதான், நைனா. டாக்டரம்மா கத்தி வைக்கப் போகும் இடமும் அதுதான். இப்போது சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மூச்சுதான் முதலில் என்று அம்மா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆபரேஷனைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லலாம், ஏனென்றால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கழுத்தில் காலர் வைக்கும் இடத்தில் குறுக்காக ஒரு கீறல். குழாயை நடுவில் அறுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு மூச்சு எப்படி என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அறுத்த உடனே, கீழ் முனைக்குள் நேராக இன்னொரு குழாயைச் சொருகி அதன் வழியே காற்று கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார்களாம். லைனை நிறுத்தாமல் பைபாஸ் போட்டு வேலை செய்திருக்கிறார்கள், நைனா! அறுத்த துண்டின் ஓரங்களை அப்போதே பரிசோதனைக்கு அனுப்பி, ஓரம் சுத்தம் என்று பதில் வந்த பிறகுதான் தையல். பிறகு உப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை.

விழித்தபோது உலகம் என் மடியில் இருந்தது. குனிந்த தலைக்கு மடியையும் தரையையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மோவாயை நெஞ்சோடு தைத்த ஒரு வாரமும் நான் மனிதர்களைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டேன். தேய்ந்த குதிகால் அம்மா. சத்தமில்லாத வெள்ளை ஷூ நர்ஸ் அக்கா. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ பங்குச் சாமியார். ஒரு கால் நீலம், ஒரு கால் பச்சை என்றால் டில்லி.

"இன்னாடா இது, பொண்ணு பாக்க வந்தவங்கோ முன்னால உக்கார வச்ச பொண்ணு மாரி கீற!" என்றான் அவன். "மொதோ தபா உன்ன அடக்கமா பாக்கறேன். டாக்டரம்மாவுக்கு ஒரு சலாம் போட்டுட்டு வரேன் இரு."

எனக்குப் பேசவும் தடை, சிரிக்கவும் பயம். காலால் அவன் பச்சைச் செருப்பை மிதித்தேன். "ஆ, உயிரு கீது, உயிரு கீது!" என்று வார்டுக்கே அறிவித்தான்.

ஒரு வாரம் கழித்துச் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தையல் பிடித்திருந்தது. நூலை வெட்டினார்கள். "மெதுவா நிமிரு. ஆகாசத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மெதுவாக நிமிர்ந்தேன். முதலில் தெரிந்தது அம்மாவின் முழங்கை, பிறகு கழுத்துச் சிலுவை, பிறகு முகம். அவள் என்னைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வருடக்கணக்கில் அவ்வப்போது போய்ச் சோதனை பண்ண வேண்டும். பரவாயில்லை. நல்ல லைனுக்கும் மெயின்டனன்ஸ் உண்டுதானே?

இதுவரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது பேச அனுமதி வந்துவிட்டது.

முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று நான் எப்போதோ முடிவு பண்ணிவிட்டேன். அதற்காகவே இரண்டு நாள் கூடுதலாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று சிலிண்டர் வந்தது. அம்மா ரெகுலேட்டரை மாட்டினாள். 'டக்'. வழக்கம்போல் நின்றாள். நான் உள்ளறையில் இருந்து உன்னை மாதிரியே செருமி, உன் குரலை எடுத்தேன்.

வந்தது உன் குரல் இல்லை, நைனா. மழையில் நனைந்த ஸ்பீக்கர் மாதிரி ஏதோ ஒன்று. "மே..." என்று ஆடு கத்தியது, அவ்வளவுதான். இன்னொரு தடவை முயன்றேன். அதுவும் ஆடு.

அம்மா அடுப்படியில் இருந்து வந்து வாசற்படியில் நின்றாள். கையெல்லாம் நுரை.

"அந்தாளுக்கு எத்தினி தபாடா பதில் சொல்றது?" என்றாள். "கேட்டதையே கேட்டுக்கினு. நீ கேளு, உன் குரல்ல."

கரகரவென்று, என் சொந்தச் சரக்கில், "ம்மா, நுரை பாத்தியா?" என்றேன்.

"நீ வந்து பாரு."

போனேன். குனிவதில் இப்போது நான் கெட்டிக்காரன். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு ரெகுலேட்டரைப் பார்த்தோம். நுரை அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழி இல்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆகவே இதோ என் வாக்கு. கல்லறைத் திருநாளுக்கு வருவேன். உன் சிலுவைக்குச் சுண்ணாம்பு நானே அடிப்பேன். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதால் மேல் பாதி மட்டும் டில்லி. உன்னோடு என் குரலிலேயே பேசுவேன், ஆடு வந்தாலும் சரி. இனி வீட்டில் எந்த சிலிண்டர் வந்தாலும் நுரை பார்க்கும் வேலை என்னுடையது. உன் குரல் தானாக என்றைக்காவது என் தொண்டைக்கு வந்தால் வரட்டும், நான் தேடிப் பிடிக்க மாட்டேன்.

கடிதத்தை இத்தோடு முடித்து மன்றத்துக்குக் கொடுக்கக் கிளம்பினேன். அம்மா வாங்கிப் படித்தாள். அந்தப் புகழ்பெற்ற கேள்வி வரும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "கல்லறைக்கு அனுப்பற காயிதத்துலயே புருடாவா? கஸ்மாலம், ஒழுங்கா எழுது" என்றாள்.

எழுதுகிறேன். ஃபிளாஞ்ச் கதையை அளந்தது நான்தான், அது நிஜம். ஆனால் மோவாயைத் தைப்போம் என்று சொன்ன பிறகு என் வாயில் இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சோப்பு நுரை வச்சிப் பாப்பீங்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டது அம்மா. கை நடுங்க நடுங்க, குரல் நடுங்காமல் கேட்டாள். நெஞ்சை நிமிர்த்தியவளும் அவள்தான். நான் அவள் முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் இருந்து என் மடியில் சொட்டியதை இளநீர் என்று நர்ஸ் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அறையில் இளநீரே இல்லை. டாக்டர்கள் தைப்பதற்கு முன்னாடியே, நைனா, என் மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

இப்படிக்கு,
கரகரத்த, ஆனால் கசியாத,
உன் மகன் ராபர்ட்
(மேரி சரிபார்த்தது)